தானமா? கடமையா?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், செல்வாக்கு மிக்க கார்ட்டர் குடும்பத்தில் 1728ஆம் ஆண்டு பிறந்தவர் மூன்றாம் இராபர்ட் கார்ட்டர். அவருடைய தோட்டங்களில் 450க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக உழைத்தனர்.

மனிதர் அனைவரும் சமம் என்னும் கொள்கையை 1776ஆம் ஆண்டு சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தம் அடிமைகளுள் மிகச் சிலரையே விடுவித்தார். கார்ட்டரோ 1791ஆம் ஆண்டு பத்திரம் எழுதி, தம்மிடம் அடிமைப்பட்டிருந்தோரைப் படிப்படியாக விடுவிக்கத் தொடங்கினார். அண்டை நிலக்கிழார்கள் எதிர்த்தனர், அவர் பின்வாங்கவில்லை.

அதற்குத் தானப் பத்திரம் என்று பெயர். ஆனால், விடுதலை தானமன்று, பிறப்புரிமை. பறித்ததைத் திருப்பித் தருவது கடமையே ஆகும். அக்கடமையையும் பலர் செய்யத் தயங்கிய காலத்தில் கார்ட்டர் செய்தார். ஆகவே, வள்ளலாக அன்று, கடமை உணர்ந்தவராகவே அவரை நினைவுகூர வேண்டும்.