பிரம்பைப் பிடுங்கியாச்சு, பதிலுக்கு என்ன கொடுத்தீங்க?

"இந்தக் காலத்துப் பசங்களை ஒண்ணும் சொல்ல முடியலப்பா. ஒரு அடி வச்சா கேஸு."

கெலமங்கலத்துல எந்த டீக்கடையில வாத்தியார் ஒருத்தர் உட்கார்ந்தாலும் அஞ்சு நிமிஷத்துல இந்த டயலாக் வந்துடும். கேட்டாலே எனக்குக் கடுப்பாகும். பிள்ளைங்களை அடிக்கக் கூடாதுன்னு சொல்ற கட்சி நான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அதைத்தான் சொல்லுது. ரொம்ப நல்ல சட்டம். ஆனா அந்தப் புலம்பலுக்குள்ள ஒரு நியாயமான கேள்வி ஒளிஞ்சிருக்கு மக்களே. பிரம்பைப் பிடுங்கிட்டீங்க, சரி. பதிலுக்கு அவர் கையில என்ன கொடுத்தீங்க?

ஒண்ணும் கொடுக்கலை. அதான் நிஜம்.

அப்பன் குடிச்சுட்டு அம்மாவை அடிக்கிற வீட்லேர்ந்து வர்ற பையன் கிளாஸ்ல பெஞ்சை உடைக்கிறான். ஒரு பொண்ணு ரெண்டு வாரமா யார்கிட்டயும் பேசலை. இன்னொருத்தன் பாக்கெட்ல ஹான்ஸ். இதுங்க கிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது, எப்ப யாருக்குப் போன் பண்றது? பி.எட்.ல உளவியல்னு ஒரு பேப்பர் எழுதி பாஸ் பண்ணியிருப்பாங்க. அதை வச்சு இதையெல்லாம் சமாளின்னு சொன்னா எப்படி?

நம்ம ஊர்ல கவுன்சிலிங்னா அட்வைஸ்னு நினைப்பு. "நல்லா படிக்கணும் கண்ணு, அப்பா அம்மா கஷ்டப்படுறாங்கல்ல?" இதைச் சொல்ல எதுக்கு சார் கவுன்சிலர்? பஸ் கண்டக்டரே சொல்லுவாரு. காது கொடுத்துக் கேட்கிறது ஒரு தொழில். அதைக் கத்துக்கணும், கத்துக்கொடுக்கணும்.

சட்டத்துல எல்லாம் அழகா இருக்கு. இளைஞர் நீதிச் சட்டம் 2015 படி குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கு 2 மாசத்துக்குள்ள பயிற்சி, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு 60 நாளுக்குள்ள பயிற்சி. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷன்லயும் பயிற்சி பெற்ற ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலர். படிச்சா கண்ணுல தண்ணி வரும். ஆனா பயிற்சின்னா நம்ம ஆட்களுக்கு என்ன தெரியுமா? காலையில குத்துவிளக்கு, 11 மணிக்கு டீ-வடை, பவர்பாயிண்ட், மதியம் சாப்பாடு, குரூப் போட்டோ, சர்டிபிகேட். மறுநாள் அதே ஆளு, அதே அதட்டல்.

ஆள் கணக்கைப் பாருங்க. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆற்றுப்படுத்துநர் பணியிடம் 1. கிருஷ்ணகிரி மாவட்டத்துல 2011 கணக்குப்படி 18 லட்சத்துக்கு மேல ஜனம், 10 ஒன்றியம். அவ்வளவுக்கும் ஒரே ஒருத்தர். ஒப்பந்த வேலை. 2022ல போட்ட கணக்குப்படி அவருக்கு மாசம் ரூ.23,170. ஊர் ஊராப் போய்ப் பார்க்க வேண்டிய புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592. அஞ்செட்டி மலைக்கு பஸ் ஏறிப் போய்ட்டு வர்ற காசுக்கே பாதி சரியாப் போயிடும். இந்தச் சம்பளத்துல ஒருத்தர் தொழில் கத்துக்கிட்டு எத்தனை வருஷம் நிப்பாரு? நல்ல வேலை கிடைச்சா ஓடத்தான் செய்வாரு. அடுத்து வர்றவருக்கு மறுபடி குத்துவிளக்கு, டீ-வடை.

இதோட விலையை யார் கொடுக்கிறாங்க? 2024 ஆகஸ்ட்ல பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில போலி என்.சி.சி. முகாம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? பயிற்சியாளர்னு வந்தவன் பிள்ளைகளைச் சீரழிச்சான். புகார் சொன்ன பிறகும் மறைச்சதா பள்ளி நிர்வாகத்துல இருந்தவங்களும் கைதானாங்க. போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே குற்றம். 2012லேர்ந்து இருக்கிற சட்டம் அது. 2025 மார்ச்ல அஞ்செட்டி பக்கம் மலைக்கிராமத்துல 14 வயசுப் பொண்ணுக்கு பெங்களூர்ல வச்சுக் கல்யாணம் பண்ணி, கதறக் கதறத் தூக்கிட்டுப் போன வீடியோவை எல்லாரும் பார்த்தோம். பார்த்துட்டு? அடுத்த வீடியோவுக்குப் போயிட்டோம்.

செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துல 2022 டிசம்பர் கடைசியில 17 வயசுப் பையன் செத்துப் போனான். அடிச்சதா அங்க வேலை பார்த்த 6 பேர் கைது. அப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு, 2023ல அறிக்கை. அந்த 6 பேருக்குத் தண்டனை கொடுக்கிறது கோர்ட் வேலை. அவங்க இடத்துல நாளைக்கு உட்காரப் போறவங்களைத் தயார் பண்றது யார் வேலை?

"அதுக்கெல்லாம் ஃபண்ட் இல்லீங்க"ன்னு ஒரு பல்லவி. ஓசூர்லேர்ந்து நம்ம ஊர் வரைக்கும் வரிசையா ஃபேக்டரி. கம்பெனிச் சட்டம் 2013 படி பெரிய கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். காம்பவுண்டு சுவர், கக்கூஸ், ஸ்மார்ட் போர்டு எல்லாம் வருது, வேண்டாம்னு சொல்லலை. மனுஷனை யாரும் ஸ்பான்சர் பண்றதில்லை, ஏன்னா மனுஷன் மேல பேரை பெயிண்ட் அடிக்க முடியாது. இதே ஃபேக்டரியில ஒரு ஸ்க்ரூ முடுக்குற ஆளைக்கூட ட்ரெயினிங் கொடுக்காம லைன்ல நிக்க வைக்க மாட்டான். ஸ்க்ரூவுக்கு இருக்கிற மரியாதை பிள்ளைக்கு இல்லையா?

"எங்க போய்க் கத்துக்கிறது?"ன்னு கேட்டா அதுக்கும் பதில் இருக்கு. பெங்களூர் நிம்ஹான்ஸ் இருக்கிற ரோட்டுக்குப் பேரே ஓசூர் ரோடு! கெலமங்கலத்துலேர்ந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். அங்க 'சம்வாத்'னு ஒரு அமைப்பு 2020லேர்ந்து இந்த வேலையைத்தான் பண்ணுது. நாடு முழுக்க குழந்தைகளோட வேலை செய்றவங்களுக்குப் பயிற்சி. நம்ம பூவும் தக்காளியும் தினம் பெங்களூர் போய்ட்டு வருது. ஒரு ஹாஸ்டல் வார்டன் போய்ட்டு வர முடியாதா?

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை:

ஒண்ணு, ஒன்றியத்துக்கு ஒரு ஆற்றுப்படுத்துநர், நிரந்தர வேலையில. இங்க பாதி வீட்ல தெலுங்கு, மீதியில கன்னடம், தமிழ், உருது. பிள்ளை அழுற பாஷை தெரிஞ்ச ஆளா பாத்துப் போடுங்க.

ரெண்டு, ஒரு நாள் கூத்தை நிறுத்துங்க. மாசம் ஒரு தடவை வாத்தியார், வார்டன், கிராம நர்ஸ், போலீஸ் எல்லாரும் உட்கார்ந்து, கையில இருக்கிற சிக்கலை அனுபவசாலி ஒருத்தர் முன்னாடி வச்சுப் பேசட்டும். தொழில் அப்படித்தான் படியும்.

மூணு, எல்லை தாண்டினா யார் பொறுப்புங்கிற இழுபறி வேண்டாம். கல்யாணம் பண்றவனுக்கு பார்டர் ஒரு பொருட்டே இல்லை. நமக்கு மட்டும் ஏன்?

'மாணவர் மனசு'ன்னு பள்ளிக்கூடத்துல பெட்டி வச்சாங்க. நல்ல பேரு. ஒரு பிள்ளை நடுங்குற கையோட எழுதிப் போடுற சீட்டைப் பிரிச்சுப் படிக்கிற ஆளுக்கு, அடுத்த நிமிஷம் என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருக்கணும். இல்லைன்னா அது வெறும் தகரப் பெட்டி.

டிஸ்கி: 1098ஐ 2023லேர்ந்து அரசே நடத்துது. நம்பரை மொபைல்ல சேவ் பண்ணி வைங்க. கூப்பிட்டதுக்கு அப்புறம் எந்த மாதிரி ஆள் வந்தாங்க, எப்படிப் பேசினாங்கன்னும் கவனிங்க. கேள்வி கேட்க அது உதவும்.