மூடும் முன் உள்வளையத்தைப் பாருங்கள்

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுமையாக எடுத்து, சிறுநீர்க் கசிவும் நின்று, பி.எஸ்.ஏ.வும் இறங்கிவிட்ட ஒருவர் ஓராண்டுக்குள் தொடையிடுக்கில் புடைப்போடு திரும்பி வந்தால், பழியை வயதின்மேல் போட்டுவிடுகிறோம். அது வயதின் வேலை மட்டுமல்ல என்று 1996-லேயே ரீகன் குழுவினர் எழுதினார்கள். அவர்கள் பார்த்த திறந்த அறுவை நோயாளிகளில் 12 விழுக்காட்டினருக்கு 6 மாதத்துக்குள் குடலிறக்கம் வந்திருந்தது. பின்னர் ஸ்வீடனின் நாடு தழுவிய பதிவேடு, இந்த அறுவைக்குப் பின் குடலிறக்கத்துக்காக மேசையேறுவோர் மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. வருபவை பெரும்பாலும் உள்வளையம் வழியே விரைநாணை ஒட்டி இறங்கும் மறைமுக வகை. நடுக்கோட்டில் திறந்து ரிட்ராக்டரால் விரிக்கும்போது, இருமினால் வளையத்தை இறுக்கி மூடும் தசையமைப்பு தளர்ந்துவிடுகிறது என்பதே இதற்கு ஏற்கத்தக்க விளக்கம். பிறவியிலிருந்தே மூடாமல் கிடக்கும் பெரிட்டோனியப் பை அங்கே இருந்தால் வழி ஏற்கெனவே திறந்தாயிற்று.

ஆகவே தடுப்பும் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. வயிற்றை மூடும் முன் விரைநாணைக் கண்டு, அதை ஒட்டியிருக்கும் பெரிட்டோனியத்தை விரலாலோ மழுங்கிய கருவியாலோ சில சென்டிமீட்டர் மேலே தள்ளிப் பிரிக்க வேண்டும். பை தென்பட்டால் கட்டி வெட்ட வேண்டும். விரைக்குப் போகும் இரத்தக்குழாய்களை உரிக்காமல் விட்டால் போதும், வலை தேவையில்லை. ஜப்பானியக் குழுக்கள் இப்படிச் செய்து நல்ல பலன் கண்டன. ஸ்வீடனில் ஸ்ட்ரானே குழுவினர் ஒரே நோயாளியின் ஒரு பக்கத்தில் மட்டும், சீட்டுக் குலுக்கியதுபோல் தேர்ந்து, வளையத்துக்குப் பக்கவாட்டில் தடுப்புத் தையல் போட்டார்கள். மறுபக்கமே ஒப்பீடு. அதே உடல், அதே இருமல், அதே உழைப்பு. தையல் போட்ட பக்கத்தில் குடலிறக்கம் தெளிவாகக் குறைந்தது. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது.

வந்த பிறகு சரிசெய்தால் போதாதா என்பார்கள். புராஸ்டேட் அறுவைக்குப் பின் அந்த இடம் தழும்பேறி ஒட்டிக்கொள்வதால் லேப்ராஸ்கோப்பி வழியே வலை வைப்பது கடினமாகிவிடுகிறது; திறந்து வலை வைக்கலாம், ஆனால் அது இன்னொரு மயக்கம், இன்னொரு ஓய்வுக்காலம். பிள்ளையார்பட்டியில் வயலில் நிற்பவருக்கும், சதுர்த்தித் தேருக்கு வடம் பிடிக்கப் போகிறவருக்கும் அந்த ஓய்வு லேசான செலவல்ல. ரோபோ வந்தால் தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. ஸ்வீடன் பதிவேட்டில் துளைவழி அறுவைக்குப் பின்னும் ஆபத்து 3 மடங்குக்கு மேல். வெளிநாட்டுச் சான்று நம்மவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பல ஆய்வுகளில் ஆபத்துக் காரணமாக வருவது ஒல்லியான உடல்வாகு. காரைக்குடி, சிவகங்கைப் புறநோயாளிப் பிரிவுகளில் நம் எதிரே உட்கார்ந்திருக்கும் கிராமத்து முதியவரின் உடல்வாகு அதுவே.

அறுவைக்கு முன் அவரை நிற்கவைத்து, உள்வளையத்தில் விரல் வைத்து, இருமச் சொல்லுங்கள். படுக்கையில் பார்த்தால் தப்பிவிடும். குடலிறக்கம் ஏற்கெனவே இருந்தால் அதே மேசையில் சரிசெய்வதைப் பற்றிப் பேசிவிடுங்கள். பிறகு 2 ஆண்டுகள், பி.எஸ்.ஏ. முடிவோடு வரும் ஒவ்வொரு முறையும், தாளைப் பார்த்ததும் அனுப்பிவிடாமல் வேட்டியைத் தளர்த்தி நிற்கச் சொல்லி இன்னொரு முறை இருமச் சொல்லுங்கள்.