வால்வுக்கு ஒரு வக்காலத்து

பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் போற்றுகிறவன் அல்லன் நான். கேசட்டு நாடா அறுந்துபோன காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆயினும் கிதார் வாசிப்பவனுக்கு வேண்டிய ஒலிபெருக்கி எது என்ற கேள்வியில் வால்வின் பக்கம் நின்று வாதாடவே விரும்புகிறேன். நம் கல்லூரி மெல்லிசைக் குழுவில் நான்கு பேர் கூடினால், "அதெல்லாம் இப்போ போன்லயே வந்துடுச்சுடா" என்ற ஒரு வரியில் வழக்கு முடிந்துவிடுகிறது. உண்மையிலேயே வந்துவிட்டதா?

கலைப்பிரிவு நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஓர் இழை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் காதோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. முந்நூறு, நானூறு வோல்ட்டில் நிற்கும் தகடு அவற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலை. 1906இல் லீ டி பாரஸ்ட் சேர்த்த வலை அது. வாய்க்கால் மதகைச் சிறிதே ஏற்றி இறக்கினாலும் பாய்கிற நீர் கூடிக் குறைகிறதல்லவா? அப்படியே, கிதார்க் கம்பியின் அதிர்வு எழுப்பும் சின்னஞ்சிறு மின்னழுத்தம் அந்த வலையில் ஏறி, பெருமின்னோட்டத்தை ஆட்டி வைக்கிறது. டிரான்சிஸ்டர் பிறந்தது 1947இல். அதற்கு முன் நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த பேசும் படங்களின் ஒலியெல்லாம் இந்தக் குழாய்களின் வழியே வந்ததுதான்.

என் பெரியப்பா அயோத்தியாப்பட்டணத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கோதண்டராமர் கோயில் விழா, காதுகுத்து, கல்யாணம், தேர்தல் என்று ஊர் ஊராகக் கூம்பு கட்டிய கை அவருடையது. கடையை மூடிய பிறகும் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் மட்டும் பரண்மேல் கிடந்தது. சென்ற ஆண்டு விடுமுறையில் அதை இறக்கினோம். பழைய கண்டென்சர்களை மாற்றி உயிர் கொடுத்தவர் பெரியப்பாதான். மூடியைக் கழற்றிப் பார்த்தால் முன்னே இ.சி.சி.83, பின்னே ஒரு ஜோடி இ.எல்.34. வியப்பு என்னவென்றால், இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் 1960களின் பிற்பகுதியில் கிதார்க்காரர்களுக்குச் செய்து கொடுத்த, உலகமே கொண்டாடும் ஆம்ப்ளிபயர்களிலும் இதே வால்வுகள்தாம்! அங்கே ராக் இசை முழங்கிய அதே குழாய்கள் இங்கே நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ரிக்கார்டு பாடின.

தெருநீளத்துக்குக் கம்பி இழுத்துக் கூம்பு கட்ட 100 வோல்ட் முனை ஒன்று. அதை விட்டு, 8 ஓம் முனையில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினோம். மைக் துளையில் கிதாரைச் செருகிவிட்டு நான் பரபரத்தபோது, "அவசரப்படாத கண்ணு, அது சூடேறட்டும்" என்றார் பெரியப்பா.

மெல்லத் தொட்டால் மெல்லப் பேசியது. ஆறு கம்பிகளையும் சேர்த்து மீட்டினால் ஆறும் தனித்தனியே காதில் விழுந்தன. கொஞ்சம் அழுத்தி மீட்டினால் குரலில் ஒரு கரகரப்பு. இன்னும் ஓங்கினால் ஒரு கர்ஜனை. கிதாரில் உள்ள குமிழைச் சற்றே குறைத்ததும் மீண்டும் தெளிந்த நீர். ஆம்ப்ளிபயரை எழுந்துபோய்த் தொடவேண்டிய தேவையே இல்லை. வேண்டியதெல்லாம் விரல் நுனியில் இருந்தது.

மானி வைத்து அளந்தால் வால்வில்தான் திரிபு அதிகம். இதை நம் ஆய்வகத்திலேயே காட்டலாம். பிறகு தெளிவு எங்கிருந்து வந்தது? சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் எல்லைவரை சுத்தமாகப் பாடிவிட்டு, எல்லை தாண்டியதும் அலையின் தலையைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டுகிறது. அந்த வெட்டுத்தான் காதில் முள்ளாகக் குத்துகிறது. வால்வோ எல்லையை நெருங்க நெருங்க அலையை மெல்ல வளைக்கிறது. அப்போது எழும் கூடுதல் ஒலிகள் மூலசுரத்தோடு ஓரளவு இணங்கிப் போகின்றன. போதாக்குறைக்கு, கம்பிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்பவை சில வால்வுகளும் ஒரு டிரான்ஸ்பார்மருமே. கைப்பேசிச் செயலியில் ஒலி எண்ணாக மாறி, கணக்காகி, மறுபடி ஒலியாக வேண்டும். சில மில்லி விநாடித் தாமதம் கேட்பவனுக்குத் தெரியாமல் போகலாம். வாசிப்பவன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இது மேனாட்டுக் கிதாருக்கு மட்டும் உரிய பேச்சன்று. மாண்டலின் யு. சீனிவாஸ் (1969-2014) எட்டுக் கம்பி மாண்டலினை விட்டு, ஐந்து கம்பி மின்மாண்டலினைத் தேர்ந்தது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். சுரம் நீண்டு நின்றால்தானே கமகம் பிறக்கும்? சாதா மாண்டலின் ஒலி தட்டியதும் தேய்ந்துவிடுகிறது. அவர் எந்த ஆம்ப்ளிபயர் வைத்திருந்தார் என்பதன்று என் வாதம். மின்னிசைக் கருவியில் ஆம்ப்ளிபயர் பாதி வாத்தியம். அதை வெறும் சத்தப் பெட்டியாக நினைப்பதே நம் பிழை.

எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்டி கனக்கிறது. கோடையில் அதன் அருகே உட்கார முடியவில்லை. மின்சாரத்தைக் குடிக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் உயிர்குடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். விவரம் தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் புகைந்துபோகலாம். வால்வு கிடைப்பதும் அரிது. பெங்களூரில் 1954இல் எழுந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் இவற்றைச் செய்து தந்தது. இன்று ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா நாடுகளையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் உலகெங்கும் கிதார்க்காரர்கள் வால்வுக்குத் தவித்தார்கள். ஆண்டு விழாவில் தலைவர் உரையாற்ற வால்வு வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அதற்கு எந்தப் பெட்டியும் போதும்.

ஆனால் இன்று இந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன? பழைய இரும்புக் கடைக்கு! டிரான்ஸ்பார்மரில் உள்ள செம்புக்காக எடைபோட்டு வாங்குகிறார்கள். வால்வுகள் சாக்கில் நொறுங்குகின்றன. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த ரேடியோ மெக்கானிக்குகள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் ஒருநாள் உட்கார்ந்து கற்க நம்மில் எத்தனை பேர் தயார்? வால்வின் பண்பு வளைகோட்டைத் தாளில் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். அந்த வளைவுதான் காதில் இனிமையாக விழுகிறது என்பதை யாரும் நமக்குக் கேட்கக் கொடுப்பதில்லை.

ஆகவே நம் இயற்பியல் துறைக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் என் வேண்டுகோள் இது. இத்தகைய பெட்டி ஒன்றைக் கல்லூரியில் வைப்போம். கண்ணாடி அலமாரியில் பூட்டி அன்று, வாரம் ஒருநாள் வாசிக்கும்படி. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஆசிரியர் மேற்பார்வையில் அதைத் திறந்து காட்டச் சொல்வோம். பெரியப்பாவிடம் கேட்டுவிட்டேன். விலை எதுவும் சொல்லவில்லை. தூக்கிப் போக ரெண்டு ஆள் கூட்டிக்கொண்டு வா என்றார்.