திராட்சைக்குள்ள போன வெளிச்சம்!

பக்கத்துல எங்கேயாவது தள்ளுவண்டியில கறுப்பு திராட்சை விக்கிறாங்களா? ஒரு சின்னக் கொத்து வாங்கிக்கங்க. அதுல ஒரு பழத்தைக் கிள்ளி, வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிங்க. கறுப்பா இருந்த பழம் ஓரத்துல செவக்குதா? இந்த வார மேட்டரே அந்தச் சிவப்புதான்.

போன மாசம் ஒரு வேலையா கம்பம் பக்கம் போயிருந்தேன். தேனியில பஸ் ஏறி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டினா வழியெல்லாம் திராட்சைப் பந்தல். உச்சி வெயில்லகூட பந்தலுக்குள்ள பச்சையா ஒரு வெளிச்சம். உங்க வெள்ளைச் சட்டைகூட லேசா பச்சையடிக்கும். சூரியன்ல இருந்து கிளம்பின வெளிச்சம் இலையில பட்டு, தரையில பட்டு, சட்டையில பட்டு, அப்புறம்தான் கண்ணுக்கு வருது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அங்கே ஒரு தம்பியைப் பார்த்தேன். பி.எஸ்ஸி. மூணாவது வருஷம். சாயங்காலம் மல்டிமீடியா கோர்ஸ். அப்பாவுக்கு ஒண்ணரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து தம்பிக்கு ஒரு ஆசை. தங்களோட பழப்பெட்டிக்கு சொந்தமா ஒரு லேபிள், அதுல 3டி-யில ஒரு திராட்சைக் கொத்து. அதே படத்தை ஷோ ரீல்ல முதல்ல வெச்சு சென்னையில வேலை தேடணும்.

படத்தைக் காட்டினான். பளபளன்னு இருந்துச்சு. ஆனா ஏதோ உறுத்துச்சு.

''அப்பாவே கேட்டுட்டாருண்ணே... ஷோகேஸ்ல வைக்கிற பிளாஸ்டிக் பழமாடான்னு.''

அப்பா கண்ணு தப்பாது பாஸ். ஆனா தப்பு எங்கேன்னு ரெண்டு பேருக்குமே தெரியலை. கோர்ஸ்ல எந்த பட்டன் எங்கே இருக்குன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்த பட்டன் உள்ளே என்ன பண்ணுதுன்னு யாரும் சொல்லலை. ''மேத்ஸ் வேணாம்னுதாண்ணே இந்தப் பக்கம் வந்தேன்''னு வேற சொன்னான். பாவம்!

சரி, உள்ளே என்னதான் நடக்குது? நம்ம பந்தலுக்குத் திரும்பப் போவோம். சூரிய வெளிச்சம் கோடிக்கணக்கான வழியில தெறிக்குது. அதுல உங்க கண்ணுக்கு வர்றது துளியூண்டு. எல்லாத்தையும் சூரியன்ல இருந்து துரத்தினா கம்ப்யூட்டர் நொந்துடும். அதனால ரிவர்ஸ்! கண்ணுல இருந்து ஒவ்வொரு பிக்ஸல் வழியாவும் ஒரு கதிரைக் கிளப்பி விட்டு, அது எதுல போய் இடிக்குதுன்னு பார்க்கறது. 1980-ல் டர்னர் விட்டட், கண்ணாடிக் கோளங்களை இப்படித்தான் வரைஞ்சு காட்டினார். ஆனா கண்ணாடியில பட்டா கதிர் எந்தப் பக்கம் போகும்னு தெளிவாத் தெரியும். இலையில, மண்ணுல, சட்டையில பட்டா? எல்லாப் பக்கமும்தான் போகும்.

1986-ல் ஜேம்ஸ் கஜியா அதுக்கு ஒரு வழி சொன்னார். தாயத்தை உருட்டு! ஒவ்வொரு இடியிலயும் எந்தத் திசைன்னு சான்ஸ்ல விடு, விளக்கோ சூரியனோ கிடைக்கிற வரை போ. ஒரு கதிரை நம்ப முடியாது. ஆனா ஆயிரம் கதிரோட சராசரியை நம்பலாம். தேர்தல் சர்வே மாதிரிதான். ஆள் கம்மின்னா சர்வே சொதப்பும், கதிர் கம்மின்னா படம் முழுக்க மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி. இதுக்குப் பேர்தான் பாத் டிரேசிங்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1920-க்கு 1080 படம்னா 20,73,600 பிக்ஸல். பிக்ஸலுக்கு ஆயிரம் கதிர்னா 207 கோடி! அதுல ஒவ்வொண்ணும் பல தடவை இடிச்சுத் திரும்பும். இதைவிடக் கொடுமை, புள்ளியைப் பாதியாக் குறைக்க நாலு மடங்கு கதிர் வேணும். பத்துல ஒரு பங்காக்க நூறு மடங்கு. தம்பி லேப்டாப்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி. நடுவுல கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்துட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

இவ்வளவு பண்ணியும் திராட்சை ஏன் பிளாஸ்டிக்? ஏன்னா இதுவரைக்கும் சொன்ன கணக்குல வெளிச்சம் தோல்ல பட்ட இடத்துலயே திரும்பிடுது. நிஜப் பழத்துல வெளிச்சம் தோலைத் தாண்டி உள்ளே நுழைஞ்சு, சதைக்குள்ள திக்குத் தெரியாம சுத்திட்டு, வேற ஏதோ ஒரு இடத்துல வெளியே வருது. பால், சலவைக்கல், நம்ம காது மடல் எல்லாமே இப்படித்தான். 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி'யில ஹீரோக்கள் ஏன் பொம்மைகள்னு யோசிச்சிருக்கீங்களா? அப்போ கம்ப்யூட்டருக்கு நல்லா வந்தது பிளாஸ்டிக்தான்!

உள்ளே சுத்துற வெளிச்சத்துக்கான கணக்கு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? நட்சத்திரத்துல இருந்து. 1930-ல் சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிப்பை முடிச்சுட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறின ஒரு பத்தொன்பது வயசுப் பையன், பின்னாடி அமெரிக்காவுல உட்கார்ந்து, நட்சத்திரத்தோட வாயுவுக்குள்ள வெளிச்சம் எப்படித் தட்டுத் தடுமாறி வெளியே வருதுன்னு வருஷக்கணக்கா கணக்குப் போட்டார். சுப்ரமணியன் சந்திரசேகர். சர் சி.வி.ராமனோட அண்ணன் மகன். 1950-ல் 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்'னு புத்தகமா வந்துச்சு. (1983-ல் அவருக்கு நோபல் கிடைச்சது நட்சத்திரங்களோட அமைப்பு, வளர்ச்சி பற்றின ஆராய்ச்சிக்காக.) அடிப்படை, ஒரு வரவு-செலவுக் கணக்குதான். வெளிச்சம் ஒரு துளி தூரம் நகரும்போது எவ்வளவு உறிஞ்சப்படுது, எவ்வளவு வேற பக்கம் சிதறிப் போகுது, வேற பக்கத்துல இருந்து எவ்வளவு சிதறி உள்ளே வருது.

1984-ல் கஜியாவும் வான் ஹெர்சனும் மேகம் வரையறதுக்கு அந்தச் சமன்பாட்டைத்தான் எடுத்தாங்க. 1993-ல் ஹன்ராஹனும் குரூகரும் தோலுக்கும் இலைக்கும் போட்டாங்க. 2001-ல் ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹன்ராஹன் நாலு பேரும் சேர்ந்து வேகமா கணக்குப் போட ஒரு வழி கண்டுபிடிக்க, 2004-ல் அதுக்கு ஆஸ்கர் தொழில்நுட்ப விருது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கோலமோட தோல் உயிரோட இருந்ததுக்கும் இதே விஷயம்தான் காரணம். சந்திரசேகர் 1995 ஆகஸ்ட்ல காலமானார். 'டாய் ஸ்டோரி' வந்தது நவம்பர்ல.

இன்னிக்கு இதெல்லாம் பிளெண்டர்ல ஃப்ரீ. திருட்டு சிடி தேவையில்லை. அதுல சைக்கிள்ஸ்னு ஒரு பாத் டிரேசர், சப்சர்ஃபேஸ்னு ஒரு செட்டிங். இதையெல்லாம் தம்பிக்கு பந்தல்ல உட்கார்ந்து சொன்னேன்.

''அண்ணே, அது ஆன்லதாண்ணே இருக்கு!''

பார்த்தேன். ஆமா, ஆன்ல இருக்கு. வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே போகணும்னு நெட்ல தேடி, மில்லிமீட்டர் கணக்குல சரியாவும் போட்டிருந்தான். சிவப்புக்கு அதிக தூரம், நீலத்துக்குக் கம்மி. எல்லாம் கரெக்ட். எனக்கும் மண்டை காய்ஞ்சு, ஊருக்குக் கிளம்பிட்டேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு போன். ''அண்ணே, என் திராட்சை ரெண்டு மீட்டர்ணே!''

விஷயம் இதுதான். பிளெண்டர்ல ஒரு கோளத்தைப் போட்டா அதுவா ரெண்டு மீட்டர் குறுக்களவுல வரும். இவன் அதை அப்படியே வெச்சு திராட்சை ஆக்கிட்டான். ஆள் உயரத்தைத் தாண்டின பழத்துல வெளிச்சம் சில மில்லிமீட்டர் உள்ளே போய் என்ன பிரயோஜனம்? வெறும் பெயின்ட் மாதிரிதான் தெரியும். நிஜப் பழம் ரெண்டு சென்டிமீட்டர்தான். நூறுல ஒரு பங்காக் குறைச்சான், வேற எதையும் தொடலை. எந்த பட்டனும் அவனுக்கு இதைச் சொல்லியிருக்காது. உள்ளே போற தூரத்தையும் பழத்தோட அளவையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க அவனுக்கே தோணியிருக்கு. மேத்ஸ் வேணாம்னவன்!

கொஞ்சம் சி++ தெரிஞ்சவங்க, பீட்டர் ஷெர்லியோட 'ரே டிரேசிங் இன் ஒன் வீக்கெண்ட்' புத்தகத்தைப் பிடிங்க. நெட்ல இலவசம். சில நூறு வரியில உங்க சொந்த பாத் டிரேசர் ரெடி. ஒரே வீக்கெண்டுல முடியும்னு பேர் சொல்லுது, நான் நம்பலை. செமஸ்டர் லீவுல வெச்சுக்கங்க.

மறுநாள் காலையில தம்பி புதுப் படத்தை அப்பாகிட்ட நீட்டியிருக்கான். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போய் கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொன்னாராம்...

''செங்காயா இருக்கேடா. ஒரு வாரம் விட்டு வெட்டியிருக்கலாம்ல?''

இப்போ சிவப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டிருக்கான்.