பலன் பார்த்துக் கொன்ற ஆமை

கனவென்று ஒன்று வந்தால் அதற்குப் பொருள் இருந்தே தீர வேண்டும் என்பதில் பாமரருக்கும் படித்தவருக்கும் சண்டையே இல்லை. சீனப் பஞ்சாங்கங்களில் பழங்காலச் சீனப் பிரபுவான சோவ் கோமகன் பெயரால் கனவுப் பலன் அச்சாகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கனவில் கண்டதை நான்கு இலக்க லாட்டரி எண்ணாக மாற்றித்தரும் படப்புத்தகங்கள் உண்டு. நம்மவர்களும் அவற்றைப் புரட்டுவதுண்டு. இதைப் பார்த்துச் சிரிப்பவர் ஃபிராய்டை எடுத்து வைத்துக்கொள்கிறார். கடைதான் வேறு, சரக்கு ஒன்றே: கனவில் வந்தது வேறெதையோ குறிக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

இதற்குத் தாவோ மரபையும் துணைக்கு இழுக்கிறார்கள். 1929-இல் உளவியலாளர் கார்ல் யுங், ‘பொன்மலரின் ரகசியம்’ என்ற சீனத் தாவோ தியான நூலுக்கு விளக்கவுரை எழுதினார். அதன் பிறகு சீனத்தில் கண்டதையெல்லாம் ஆழ்மனக் குறியீடாக வாசிப்பது அறிவாளித்தனமாகிவிட்டது. ஆனால் அந்த மரபின் மூலநூல்களில் ஒன்றான ‘ஜுவாங் ட்சு’ கனவுகளை நடத்தும் விதமே வேறு.

அதில், சோங் நாட்டு யுவான் கோமகன் நள்ளிரவில் ஒரு கனவு காண்கிறார். தலைவிரி கோலமாக ஒருவன் பக்கவாசலில் எட்டிப் பார்த்து, தான் ஆற்றின் தூதன் என்றும், மஞ்சள் நதித் தெய்வத்திடம் போகும் வழியில் ஒரு மீனவனிடம் அகப்பட்டுக்கொண்டதாகவும் முறையிடுகிறான். விழித்த கோமகன் குறி கேட்கச் சொல்கிறார். வந்தது தெய்வ ஆமை என்று விடை வருகிறது. சரியான விடைதான். மீனவனை வரவழைத்து விசாரித்தால், வலையில் ஐந்து சீன அடி அளவில் ஒரு வெள்ளை ஆமை! கொல்வதா வைத்து வளர்ப்பதா என்று கோமகனுக்கு ஊசலாட்டம். அதற்கும் குறி. கொன்று, அதன் ஓட்டைக் குறி பார்க்கப் பயன்படுத்தினால் நல்லது என்று வருகிறது. ஆமையை அறுத்து, ஓட்டில் 72 முறை துளையிட்டுக் கேட்டார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இத்தனை அறிவுள்ள ஆமைக்குத் தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று கன்பூசியஸின் வாயால் நூல் வியக்கிறது. எனக்கு உறுத்துவது அரண்மனை. பலன் தப்பவேயில்லை, ஆனாலும் ஆமையை ஆற்றில் விட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பிடிபட்டுவிட்டேன் என்று வந்து நின்றவனிடம், நீ எதற்கு அடையாளம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் கொலை தொடங்கியது.

அதே நூலின் தச்சர் ஷி அப்படியல்ல. எதற்கும் உதவாத மரம் என்று அவர் ஏளனம் செய்த கோயில் மரம், இரவில் கனவில் வந்து அவரைத் திட்டித் தீர்க்கிறது. அவர் திட்டை வாங்கிக்கொள்கிறார். கனவைக் கேட்ட சீடன் மரத்தின்மீது குறை சொல்ல, வாயை மூடு என்கிறார். மரம் மரமாகவே வந்தது, பேசியது, ஆளை மாற்றிவிட்டது.

உடலில் யின் மிகுந்தால் பெருவெள்ளமும் யாங் மிகுந்தால் பெருநெருப்பும் கனவில் வரும் என்று சீன மருத்துவ நூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ சொல்கிறதே என்று கேட்கலாம். அது வைத்தியரின் கணக்கு, இருக்கட்டும். வெள்ளத்தில் இறங்கியவனின் அச்சமும் குளிரும் அந்தக் கணக்கில் வராது.

நூலுக்குப் பெயர் தந்த ஜுவாங் ட்சு, தான் பட்டாம்பூச்சியாகிவிட்டதாகக் கண்ட கனவை ‘வாழ்க்கை மாயை’ என்று சுருக்குபவர்களும் இதே கூட்டம்தான். அந்தப் பூச்சிக்கு ஜுவாங் ட்சு என்ற ஆளையே தெரியாது, பறப்பதில் மகிழ்ந்திருந்தது. அதைக் குறியீடாக்க வேண்டுமானால் முதலில் அந்த மகிழ்ச்சியைப் பிடுங்க வேண்டும். பலன் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கனவு வரும் அத்தியாயத்திலேயே, பட்டாம்பூச்சிக்குச் சற்று முன்பே, ஓர் இடம் இருக்கிறது. தாங்கள் காண்பது கனவென்று தெரியாமல், அதற்குள்ளேயே உட்கார்ந்து கனவுக்குப் பலன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.