கணக்குக் கொப்பியில் மூன்று கையெழுத்து

கடைக் கணக்கைக் கணனிக்கு மாற்றிய நமது வியாபாரிகளிடம் அந்த மென்பொருளைப் பற்றி விசாரித்தால் இரண்டு விடயங்களைத்தான் சொல்வார்கள். எவ்வளவு கொடுத்தேன், எந்தப் பொடியன் செய்தான். அவன் எழுதியதை இன்னொருவன் திறந்து வாசிக்க முடியுமா என்று விசாரித்தவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். அதை விசாரிக்காததால் எனக்குத் தெரிந்த ஒரு ஹாஜியார் பட்ட பாடே இந்த வாரம் என்னை எழுதத் தூண்டியது.

ஹாஜியார் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர். பில் போடுவதற்கென பைதன் என்ற கணனி மொழியில் ஒரு மென்பொருளைச் செய்வித்திருந்தார். செய்த பொடியன் கட்டாருக்குப் போய்விட்டான். பிறகு வந்த காலம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 8 சதவீதமாக இருந்த வற் வரி 2022 ஜூன் முதலாம் திகதி 12 ஆனது, அதே ஆண்டு செப்டம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆனது. 2022இல் இரண்டு முறையும் இரண்டாவது பொடியன் மாற்றிக் கொடுத்தான். 2024க்கு மூன்றாவது பொடியன் வந்தான். புதுவருடத்தில் கடை திறந்து சில நாட்கள் கழித்தே விடயம் வெளியானது. வரிவிலக்குள்ள சாமான்களுக்கும் சேர்த்து 18 சதவீதம் அறவிட்டுக்கொண்டிருந்தது மென்பொருள்.

வழமையான வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போன முகம் தெரியாதவர்களை எங்கே தேடுவது? பண நஷ்டத்தை விட, தனக்கு உரித்தில்லாத பணம் பெட்டிக்குள் வந்துவிட்டதே என்பதுதான் ஹாஜியாரின் தூக்கத்தைக் கெடுத்தது.

பிழையைக் கண்டுபிடிக்க ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நான்கு இளைஞர்கள் நடத்தும் சிறிய மென்பொருள் அலுவலகத்துக்கு அவருடன் நானும் போயிருந்தேன். அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிழை எந்தச் சொல்லிலும் இல்லை, எந்த இலக்கத்திலும் இல்லை. ஒரு வரி இருக்கவேண்டிய இடத்திலிருந்து சற்று இடப்பக்கம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். (தமிழில் அரசாங்கம் அறவிடுவதற்கும் எழுத்தில் வருவதற்கும் ஒரே பெயர். நான் சொல்வது இரண்டாவதை.)

பைதனில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கே பொருள் உண்டு. 'இது வரிக்குரிய சாமானாக இருந்தால்' என்ற நிபந்தனைக்குக் கீழே உள்ளே தள்ளி எழுதினால், வற்றைக் கூட்டும் வேலை அந்தச் சாமான்களுக்கு மட்டும் நடக்கும். அதே வரியை நிபந்தனைக்கு நேராக வெளியே இழுத்துவிட்டால் எல்லாச் சாமானுக்கும் நடக்கும்.

அந்த வரி எப்படி நகர்ந்தது? முதலாமவன் உள்ளே தள்ளுவதற்கு டெப் விசையைப் பாவித்தவன். இரண்டாமவனுடைய எடிட்டர் டெப்புக்குப் பதிலாக நான்கு வெற்றிடங்களைப் போடுவது. அவன் சேர்த்த பகுதிகள் தனியாக நின்றதால் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாமவன் ஒருவனுடைய வரிகளைப் பிரதிபண்ணி மற்றவனுடைய பகுதிக்குள் சொருகினான். இரண்டும் கலந்ததும் பைதன் ஓட மறுத்துவிட்டது. டிசம்பர் 31ஆம் திகதி இரவு, விடிந்தால் புதிய வரி. நாலாயிரம் வரிகளையும் கண்பார்வையால் கையாலே ஒழுங்குபடுத்தினான். அதில் ஒன்று தவறியது.

அதைத் தேடியெடுப்பதும் இலகுவாக இருக்கவில்லை. பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஒப்பிட்டால் ஏறத்தாழ எல்லா வரிகளுமே மாறியதாகக் கணனி காட்டியது. வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடும் வசதி உண்டுதான். ஆனால் இங்கே பிழையே வெற்றிடத்தில் இருந்ததால், அந்த வசதி பிழையையும் சேர்த்து மறைத்துவிட்டது. இரண்டு நாள் கூலி ஹாஜியாரின் தலையில் விழுந்தது.

தட்டச்சு இயந்திரம் பாவித்த பழைய கிளார்க்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. டெப் விசை அங்கிருந்து வந்ததுதான். 'அடுத்த தரிப்புக்குப் போ' என்பதே அதன் பொருள், தரிப்பை எங்கே வைப்பது என்பது தட்டச்சாளரின் விருப்பம். இன்றைக்கும் அப்படியே. ஒரு கணனியில் ஒரு டெப் எட்டு எழுத்து அகலம், இன்னொன்றில் நான்கு, வேறொன்றில் இரண்டு. வரி முடிவிலும் இதே கதை. தட்டச்சில் வண்டியைத் திருப்பித் தள்ளுவதும் தாளை ஓர் அடி உயர்த்துவதும் இரண்டு வேலைகள். விண்டோஸ் கணனி இன்றும் அந்த இரண்டுக்கும் இரண்டு குறிகளை இடுகிறது. லினக்ஸ் ஒன்றை மட்டும் இடுகிறது.

சொல் ஒன்றுதானே, அடுக்கு மாறினால் என்ன என்று நினைப்பவர்கள் ஒரு ஹிப்ழ் மத்ரஸாவில் போய்ப் பார்க்கட்டும். இரண்டையும் சமப்படுத்துவதற்காக அல்ல, விளங்கிக்கொள்வதற்காகச் சொல்கிறேன். மதீனா அச்சு முஸ்ஹபில் 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தோடு முடிகிறது. ஒரே அச்சில் மனனம் செய்த மாணவனிடம் வேறு அச்சைக் கொடுத்தால் அவன் தடுமாறுவான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் அவன் கண் தேடும் இடத்தில் ஆயத் இல்லை.

இதற்குப் பரிகாரம் மிகவும் மலிவானது என்பதே வேடிக்கை. எடிட்டர்கொன்ஃபிக் என்று ஒரு சிறிய கோப்பு இருக்கிறது. டிரே ஹன்னர், ஹொங் ஸூ என்ற இருவர் தொடக்கி வைத்த திட்டம், கட்டணம் எதுவும் இல்லை. டெப்பா வெற்றிடமா, எத்தனை, வரி முடிவில் எந்தக் குறி, எந்த எழுத்துக் குறியீடு என்று பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதி மென்பொருளின் கோப்புறையில் வைத்துவிட வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ போன்றவை அதைத் தாமாகவே வாசிக்கின்றன, விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்றவற்றுக்கு ஓர் இணைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு எந்தப் பொடியன் எந்த எடிட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரியே எழுதப்படும். பைதனுக்கு பிளக் என்று இன்னொரு கருவி இருக்கிறது. அது எழுதியதை எல்லாம் ஒரே அமைப்புக்குத் தானே அடுக்கிவிடும். 2009இல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழியில் இந்த அடுக்கும் கருவி மொழியோடு கூடவே வருகிறது.

டெப் நல்லதா வெற்றிடம் நல்லதா என்று மென்பொருள்காரர்கள் பல வருடங்களாகச் சண்டை பிடிக்கிறார்கள். லினக்ஸ் கருவை எழுதுபவர்கள் எட்டு எழுத்து அகல டெப் என்கிறார்கள், பைதன்காரர்களின் வழிகாட்டி நான்கு வெற்றிடம் என்கிறது. என்னைக் கேட்டால் இது வியாபாரிக்குத் தேவையில்லாத வழக்கு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும், ஆனால் எல்லோரும் அதையே பிடிக்கட்டும்.

'இது எங்கள் உள்வீட்டு விடயம், பணம் கொடுப்பவர் பார்க்கத் தேவையில்லை' என்று ஒரு மென்பொருள்காரர் என்னிடம் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொடியன் கட்டாருக்குப் போகலாம், கொப்பி கடையில்தான் இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கொழும்பில் தொண்டர்களாகச் சேர்ந்த மென்பொருள்காரர்கள் நிவாரண வேலைக்காக 'சஹானா'வை எழுதினார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது பயன்பட்டது, பின்னர் பைதனில் புதிதாகவும் எழுதப்பட்டது. முதலில் எழுதியவர்கள் போன பிறகும் வேறு நாட்டவர்கள் அதைத் திறந்து வேலை செய்தார்கள். நமது கடை மென்பொருளுக்கு நாடு கடக்கும் தேவை இல்லை, அடுத்த பொடியன் வரைக்கும் போனால் போதும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரா பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை நாம் ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அப்படியிருந்தும் மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும்போது ஒரு தாளில் கையொப்பம் வாங்குவதில்லை. மச்சானுடைய மகன், பள்ளிவாசல் நிர்வாகியின் மருமகன் என்று வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடுகிறது.

ஹாஜியார் இம்முறை எழுதித்தான் கொடுத்தார். மூல நிரல் முழுவதும் கடைக்குச் சொந்தம், அமைப்புக் கோப்பு அதனுள் இருக்க வேண்டும், அடுக்கும் வேலையையும் கணக்கை மாற்றும் வேலையையும் ஒரே நாளில் கலந்து செய்யக்கூடாது. கடைசித் தவணைக்கு அவர் வைத்த நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சம்பந்தமில்லாத இன்னொரு பொடியன் தன் சொந்த மடிக்கணனியில் அதைத் திறந்து, ஒரு வரியை மாற்றிச் சேமித்து, பழையதோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒரு வரி மட்டும் மாறியதாகக் காட்டினால் காசோலை. கடந்த மாதம் அவ்வாறு ஒப்பிட்டபோது பதினேழு வரிகள் மாறியதாகக் காட்டியது. காசோலை இன்னும் லாச்சியில்தான் இருக்கிறது.