வேலியே பயிரை மேய்ந்தால்?

மரம் நடுவது நல்ல காரியம். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் எந்த மரத்தை எந்த இடத்தில் நடுவது என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு என்பதை எத்தியோப்பியாவின் மலைநாட்டுச் சைப்ரஸ் மரங்கள் காட்டுகின்றன.

ஊட்டிக்குப் போனவர்கள் சைப்ரஸ் மரத்தைப் பார்த்திருப்பார்கள். செதில் செதிலான இலைகள். கசக்கினால் காரமான வாசனை வரும். எத்தியோப்பியாவில் அதிகம் நடப்பட்டது மெக்சிகோ சைப்ரஸ் என்ற வகை. மெக்சிகோவும் குவாத்தமாலாவும் அதன் தாயகம். அம்ஹாரிக் மொழியில் அதை 'ஃபெரெஞ்ச்' திட் என்கிறார்கள். திட் என்பது அந்த மண்ணுக்கே உரிய ஜூனிப்பர் மரம். ஃபெரெஞ்ச் என்பதும் தமிழில் உள்ள 'பரங்கி' என்பதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்! ஆக, அது பரங்கிக்காரன் திட்.

விவசாயிகள் இந்த மரத்தை விரும்புவதற்குக் காரணம் உண்டு. வேகமாக, நேராக வளரும். வீடு கட்ட மரமாகும், அடுப்புக்கு விறகாகும். வரிசையாக நட்டால் வேலியாகவும் காற்றுத் தடுப்பாகவும் நிற்கும். பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. வேலி என்றால் வயலோரம். வயலோரம் என்றால் உதிரும் இலை பயிரின் மேல்தான் விழும்.

அந்த இலையில் அப்படி என்ன இருக்கிறது? அதன் எண்ணெயில் ஆல்ஃபா பைனீன், சபினீன், லிமோனீன், அம்பெல்லுலோன் போன்ற டெர்பீன்கள் உள்ளன. இவை தவிர ஃபீனால் சேர்மங்கள், ஃபிளேவனாய்டுகள், டானின்கள். பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் மரம் தன்னைக் காத்துக்கொள்ள இவை உதவுகின்றன. இலை உதிர்ந்து மழையில் ஊறும்போது, நீரில் கரையக்கூடியவை மண்ணில் இறங்குகின்றன. இத்தகைய பொருட்கள் விதை முளைப்பதைத் தடுக்கும். வேர்நுனியில் செல்கள் பிரிவதை மந்தமாக்கும். ஒரு தாவரம் வேதிப்பொருள் மூலம் இன்னொன்றைப் பாதிக்கும் இந்த நிகழ்வுக்கு 'அல்லெலோபதி' என்று 1937-இல் பெயர் சூட்டியவர் ஹான்ஸ் மோலிஷ்.

எத்தியோப்பியப் பயிர்களை வைத்தே இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 1993-இல் வெளிவந்தது. சைப்ரஸ் இலையையும் மூன்று வகை யூகலிப்டஸ் இலைகளையும் நீரில் ஊறவைத்து எடுத்த சாறு, டெஃப், மக்காச்சோளம், கொண்டைக்கடலை, பட்டாணி ஆகியவற்றின் மீது சோதிக்கப்பட்டது. பெரும்பாலான பயிர்களில் முளைப்பும் வேர் வளர்ச்சியும் குறைந்தன. டெஃப் என்பது அந்நாட்டு மக்களின் அன்றாட உணவான இஞ்செராவுக்கு மாவு தரும் தானியம். ஒரு கிராமில் ஏறக்குறைய 3000 விதைகள் இருக்கும், அவ்வளவு பொடி! மண்ணின் மேற்பரப்பில் தூவித்தான் விதைப்பார்கள். இலைச்சாறு முதலில் இறங்குவதும் அதே மேல்மண்ணில்தான்.

ஆய்வகத் தட்டில் நடப்பது வயலிலும் அப்படியே நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மழை சாற்றை நீர்த்துவிடும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். மரத்தின் நிழலும், அதன் வேர் உறிஞ்சும் நீரும் சேர்ந்தே பயிரைக் குறைக்கின்றன. எனவே எல்லாப் பழியையும் இலையின் மேல் போடுவது சரியல்ல. சைப்ரஸை 'விஷ மரம்' என்று வெட்டித் தள்ளுவதும் தீர்வாகாது. ஆனால் ஒன்றிரண்டு ஹெக்டேருக்குள் பிழைப்பு நடத்தும் விவசாயிக்குக் காரணம் எதுவானாலும் நஷ்டம் ஒன்றுதான். வரப்போரம் ஒரு பட்டை நிலம் விளையாமல் போனால், அது அவர் வீட்டுச் சாப்பாட்டில்தான் குறையும்.

2019 ஜூலை 29 அன்று ஒரே நாளில் 35 கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகள் நடப்பட்டதாக எத்தியோப்பிய அரசு அறிவித்தது. எண்ணிக்கை பிரமிக்க வைக்கிறது. ஆனால் கன்றைக் கையில் கொடுக்கும்போது, அதன் இலை என்ன செய்யும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாமா? சைப்ரஸை விளைநிலத்தை விட்டுத் தள்ளி, பயிர் விளையாத சரிவிலும் தனித் தோப்பிலும் நடலாம். அதன் பச்சை இலையை வயலில் மூடாக்காகப் போடாமல், நன்கு மக்க வைத்த பிறகு பயன்படுத்தலாம். வயலுக்குள் மரம் வேண்டும் என்றால் வேல மரத்தின் உறவான ஃபைதர்பியா ஆல்பிடா இருக்கிறது. மழைக்காலத்தில், பயிர் வளரும் நேரம் பார்த்து இலையை உதிர்த்துவிடும். மண்ணில் நைட்ரஜனையும் சேர்க்கும். ஆப்பிரிக்க விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அதன் கீழ் தானியம் விளைவிக்கிறார்கள்.

நட்ட மரங்களை எண்ணுவது சுலபம். மரத்தடியில் முளைக்காமல் போன விதைகளை எண்ணத்தான் ஆளில்லை. வேலி பயிரை மேய்ந்தால் குற்றம் வேலியுடையது அல்ல. பயிரை நினைக்காமல் அதை அங்கே நடச் சொன்னவர்களுடையது.